பத்து சென்டிமீட்டர் ஓட்டை: பிள்ளைகளோடு கண்ணாடிப் போத்தல் சேர்த்த அனுபவம்

எங்கள் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் சேர்த்த கண்ணாடி, போன மாதம்தான் முதல்முறையாக ஒரு சாக்குகூடத் திரும்பி வராமல் சிரம்பான் பக்கத்து மறுசுழற்சிக் கடையில் இறங்கியது. இதற்கு முன் கொண்டுபோன சுமையில் பாதிக்கு மேல் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் என்னென்ன மாற்றினோம், எதற்கு எவ்வளவு செலவானது என்பதை எழுதி வைக்கிறேன். தமிழ்ப்பள்ளியிலோ கோயில் வகுப்பிலோ இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் வேலை மிச்சமாகும்.

இடம் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ். ஊரைச் சுற்றி முன்பு பால்மரம் என்கிற ரப்பர் மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. வகுப்பு நடப்பது தோட்டத்துக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில். ஒன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை கலந்து உட்காரும் பிள்ளைகள். தமிழும் கணக்கும்தான் பாடம். அதோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை கைவேலை.

கண்ணாடியை ஏன் எடுத்தோம் என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் வழி இருக்கிறது. பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியோடு வரும். பேப்பர், இரும்பு, அலுமினிய டின் எல்லாம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் காசும் கொடுப்பார்கள். கண்ணாடி என்றால் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கனம் அதிகம், விலை குறைவு, உடைந்தால் லோரியெல்லாம் சில்லு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சட்டம் என்று பார்த்தால், 672ஆம் சட்டம் நடப்பில் உள்ள மாநிலங்களில் எங்களுடையதும் ஒன்று. 2007இல் நிறைவேறி 2011 செப்டம்பர் 1இல் அமலுக்கு வந்த திடக்கழிவுச் சட்டம் அது. 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயம். டவுன் பக்கத்துக் குடியிருப்புத் தாமான்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் தோட்டக் கழிவும் என்று லோரி வருகிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குள் அந்த லோரி நுழைவதில்லை. தோட்டத்து டிராக்டர் வந்து எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக் குழிக்குக் கொண்டுபோகும். டிராக்டரில் ஏறாத போத்தல்கள் லயத்துக்குப் பின்னால் வாழை அடியில் கிடக்கும். நிமிர்ந்து நிற்கும் போத்தலில் மழைத் தண்ணீர் நிற்கும். திடலோரம் உடைந்து கிடப்பது பந்து எடுக்கப் போகிற பிள்ளையின் காலைப் பதம் பார்க்கும். எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேர் பாதத்தில் தையல் தழும்பு இருக்கிறது.

முதலில் படம் வரைந்துதான் ஆரம்பித்தோம். நீலத் தொட்டி பேப்பருக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும். நாடு முழுக்க இதே நிறங்கள்தான். பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். அடுத்த வாரம் பரீட்சைபோல ஒரு குவியலைப் பிரிக்கச் சொன்னால், பழுப்புத் தொட்டிக்குள் பழுப்புப் போத்தல் மட்டும் போனது. பச்சைப் போத்தலையும் நிறமில்லாத வெள்ளைப் போத்தலையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றாம் ஆண்டுப் பையன் நிற்கிறான், "டீச்சர், இதுக்குத் தொட்டி இல்லையா?" என்று. அவன் கேட்டது நியாயம். அன்றோடு நிறப் படத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டோம். வாளிகளுக்கு மேல் கயிற்றில் நிஜப் போத்தலையே கட்டித் தொங்கவிட்டோம்: வெள்ளைக்கு ஒரு காயா (தேங்காய்ப்பால் ஜாம்) போத்தல், பச்சைக்கு ஒரு சோடாப் போத்தல், பழுப்புக்கு ஒரு கிச்சாப் (சோயா சாஸ்) போத்தல். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத குட்டிகளும் அண்ணாந்து பார்த்துச் சரியாகப் போட்டார்கள். நிறம் பிரிப்பது அழகுக்காக இல்லை. பச்சையும் பழுப்பும் கலந்த உடைசலை உருக்கினால் அதிலிருந்து வெள்ளைப் போத்தல் எடுக்க முடியாது.

அப்புறம் போட்டி வைத்தோம். எந்த வீடு அதிகம் கொண்டுவருகிறது என்று பலகையில் வீட்டுக்கு ஒரு கோடு. மாதக் கடைசியில் முதல் வீட்டுக்கு வண்ணப் பென்சில் பெட்டி. போத்தல் குவிந்தது உண்மைதான். ஆனால் மூன்றாம் வாரமே பலகையை அழித்துவிட்டோம்.

காரணம் சொல்லவேண்டும். தோட்டத்தில் எந்த வீட்டில் போத்தல் அதிகம் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வாரம் தவறாமல் பை நிறையக் கொண்டுவந்தாள். எல்லாம் ஒரே அளவு, சின்னது, தட்டையானது. சம்சு என்கிற மலிவுச் சாராயப் போத்தல். அவள் பலகையில் முதலிடத்துக்கு வந்த அன்று, பின்வரிசையில் இரண்டு பையன்கள் அவள் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவள் வெறுங்கையோடு வந்தாள். அதற்கடுத்த வாரம் வரவே இல்லை. வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசித்தான் திரும்ப அழைத்து வந்தேன்.

வீட்டுக் குப்பை என்பது வீட்டுக்குள் நடப்பதன் கணக்கு. அதை நாலு பேர் முன்னால் எண்ணிப் பலகையில் எழுதும் உரிமை எனக்கு இல்லை. இப்போது யார் கொண்டுவந்தது என்று எண்ணுவதே கிடையாது. வெள்ளி மாலை மண்டபத்து வாசல் திண்ணையில் யார் வேண்டுமானாலும் வைத்துவிட்டுப் போகலாம். சனிக்கிழமை காலை அது வகுப்பின் கண்ணாடி. வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே எடை, ஒரே கோடு. சேரும் அளவு ஒன்றும் குறையவில்லை. பரிசு என்று தனியாக இல்லை. எடை போடும் நாளில் எல்லாருக்கும் ஐஸ் மிட்டாய். இதைப் பள்ளியில் செய்ய நினைக்கும் ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: வீட்டுக்கு வீடு போட்டி மட்டும் வைக்காதீர்கள்.

வாளி விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஒருவர் 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கொடுத்தார். பார்க்க வசதியாக இருந்தது. முழுப் போத்தலாகப் போட்டு நிரப்பினால் அறுபது கிலோவைத் தாண்டும். பெரிய கிச்சாப் போத்தலோ பீர் போத்தலோ, காலியாகவே 450லிருந்து 500 கிராம் இருக்கிறது. பிள்ளைகளே சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். நிரம்பிய பீப்பாயை நகர்த்த இரண்டு பெரியவர்கள் வேண்டும். அடியில் இருப்பது உடைந்தால் எடுக்கவும் முடியாது. உயரத்திலிருந்து விழும் போத்தல் இரும்பில் மோதி உடைகிற சத்தம் வேறு, அர்ச்சனை நேரத்தில் குருக்களுக்குத் தொந்தரவு.

அதனால் பெயிண்ட் வாளிக்கு மாறினோம். கோயிலுக்கு வண்ணம் பூசியபோது மிஞ்சிய 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளிகள், மூடியோடு. காசு இல்லை. பெரிய போத்தல் பன்னிரண்டு பதின்மூன்று கொள்ளும்; ஆறு கிலோ, ஆறரை கிலோ வரும். கைப்பிடியின் இரண்டு பக்கமும் பிடித்து இரண்டு பிள்ளைகள் தூக்கிவிடுவார்கள். அடியில் பழைய சிலிப்பரை வெட்டி இரண்டு அடுக்கு போட்டோம். சத்தமும் அடங்கியது, உடைவதும் நின்றது.

இந்த வாளிகளோடுதான் முதல் சுமை போனது, சாக்குகளில் மாற்றி. அதுதான் திரும்பி வந்த சுமை.

கடைக்காரர் கோபப்படவில்லை. ஒரு சாக்கை அவிழ்த்துக் கொட்டி, கையை விட்டு ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துக் காட்டினார். பீங்கான். அடுத்த சாக்கிலும் பீங்கான். கோப்பைக் கைப்பிடி, சோற்றுத் தட்டின் விளிம்பு, அதோடு நிறைய மங்கு. பால் மரத்தில் பால் வடியக் கட்டும் கோப்பைதான் மங்கு. இப்போது பிளாஸ்டிக்தான். முன்பு மண்ணைச் சுட்டு மேலே பளபளப்பு ஏற்றிய மங்கு இருந்தது, தடித்த கண்ணாடியில் செய்த மங்கும் இருந்தது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது ஆயிரக்கணக்கில் மண்ணுக்குள் போனவை. மழை பெய்தால் வாய்க்கால் ஓரம் தலைகாட்டும். எங்கள் பிள்ளைகள் போத்தல் தேடப் போன இடத்தில் இவையும் கிடைத்தன. பளபளவென்று இருந்ததால் கண்ணாடி என்றே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

கடைக்காரர் சொன்னதைப் பிள்ளைகளுக்கு அப்படியே சொன்னேன். கண்ணாடி உலை சுமார் 1500 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். போத்தல் உடைசல் உருகிவிடும். பீங்கான் அந்தச் சூட்டிலும் உருகாமல் கல்லாகவே நின்றுவிடும். அந்தக் கல் புதுப் போத்தலின் சுவரில் போய் உட்கார்ந்தால், அந்த இடத்தில்தான் போத்தல் விரிசல் விடும். ஒரு சாக்கில் நாலு துண்டு போதும், சாக்கே வேண்டாம் என்பார்கள். சூடு தாங்கும் அடுப்புப் பாத்திரக் கண்ணாடிக்கும் இதே கதை. பார்க்கக் கண்ணாடிதான், சேர்மானம் வேறு, உருகும் சூடும் வேறு. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, குடிக்கும் கிளாஸ் எதையும் அந்தக் கடையில் எடுக்கவில்லை. குழல் விளக்கை நாங்கள் மண்டபத்துக்குள்ளேயே விடுவதில்லை. அதற்குள் பாதரசம் இருக்கிறது.

"பீங்கான் போடாதே" என்று சொல்லிப் பார்த்தோம். பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்தது. சின்னவர்களுக்குப் பீங்கான் எது, கண்ணாடி எது என்பதே சந்தேகம். அப்போது உதவியது எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு தாத்தா. நாற்பது வருடம் பால் வெட்டியவர். மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து நாங்கள் செய்வதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இரண்டு மங்கை எடுத்துக் கழுவச் சொன்னார். ஒன்று சுட்ட மண், ஒன்று கண்ணாடி. சேறு படிந்திருந்தபோது இரண்டும் ஒரே மாதிரி. கழுவிய பிறகு வெயிலில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி மங்கு அடிப்பக்கம் வெளிர்பச்சையாக ஒளி வாங்கியது. உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் தெரிந்தன. மற்றது இருட்டாகவே இருந்தது. அவர் விரல் நிழல்கூட மறுபக்கம் தெரியவில்லை. "வெயில் உள்ள போகுதான்னு பாருங்க கண்ணுங்களா, போனா அந்தப் பக்கம், போவலன்னா இந்தப் பக்கம்" என்றார். எங்கள் பாடத்தில் பிள்ளைகளிடம் உடனே போய்ச் சேர்ந்த வரி அதுதான். இப்போது மழை நாளில் கைப்பேசி விளக்கைப் போத்தலுக்குப் பின்னால் பிடித்துப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் வெள்ளி மாலை திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் வெயிலில் பிடித்துப் பார்க்கவா போகிறார்கள்? அதற்குத்தான் ஓட்டை.

சேர்ந்த பொருள்களில் எது எவ்வளவு அகலம் என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை அளக்கவிட்டேன். கணக்குப் பாடமும் ஆயிற்று. பெரிய கிச்சாப் போத்தல் ஏழரை சென்டிமீட்டர். காயா, சம்பால் போத்தல்கள் ஏழு எட்டு. காப்பித் தூள் போத்தல் ஒன்பதுக்குப் பக்கம். ஊறுகாய்ப் போத்தலில் தடித்தது ஒன்பதரை. மங்கின் வாய் பதின்மூன்றுக்குக் குறையவில்லை. தட்டு இருபதுக்கு மேல். ஆகவே மூடியில் பத்து சென்டிமீட்டர் வட்டம்: போத்தல் போகும், மங்கும் தட்டும் ஜன்னல் கண்ணாடியும் போகாது.

வெட்டியது இப்படி. மூடியைக் கவிழ்த்து நடுவில் கம்பாஸால் வட்டம். உள்ளே ஆணியைச் சூடாக்கி ஒரு துளை. அதிலிருந்து கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் பிளாஸ்டிக் கோணிக்கொண்டு போகும். நாலைந்து முறை மெல்லக் கீறினால் நேராக வரும். மூடியைக் கால் மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு வெட்டினால் இன்னும் சுலபம். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை 32 சென்டிமீட்டருக்கு நறுக்கி, நீளவாக்கில் பிளந்து, விளிம்பில் மாட்டினோம். வட்டத்தின் சுற்றளவு 31.4. மீதி அரை சென்டிமீட்டர் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறுக்கமாக நின்றது. பசை தேவைப்படவில்லை. ஆனால் குழாய் உள்ளே கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டதில் தடித்த ஊறுகாய்ப் போத்தல் மட்டும் சிக்கியது. அவை எப்படியும் வேறு இடத்துக்குப் போகிறவை, அதனால் விட்டுவிட்டோம்.

ஓட்டை எல்லாவற்றையும் தடுக்காது. காப்பிக் கோப்பை எட்டு சென்டிமீட்டர்தான், சுலபமாக நுழைந்துவிடும். அதைச் சனிக்கிழமை காலை பிள்ளைகள் வெளிச்சம் பார்த்துப் பிடித்துவிடுகிறார்கள். மங்கு வாளிக்குள் விழுவது அடியோடு நின்றது. வாளிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள், அது பரவாயில்லை. கழுவி எடுத்த நல்ல மங்குகளில் துளசி நட்டு மண்டபப் படியில் வரிசையாக வைத்திருக்கிறோம்.

கழுவுவது தனிக் கதை. எல்லாப் போத்தலிலும் ஒட்டுத்தாளை உரித்துக்கொண்டிருந்தோம், பிள்ளைகளின் விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, உலைக்குப் போகிற போத்தலுக்கு அது தேவையே இல்லை; தாள் எரிந்துவிடும். மூடியைக் கழற்ற வேண்டும், உள்ளே ஒருமுறை அலச வேண்டும், அவ்வளவுதான். அலசாவிட்டால் கிச்சாப் போத்தலுக்கு எறும்பும் சிராப் போத்தலுக்குத் தேனீயும் வந்துவிடும்.

ஒட்டுத்தாள் உரிப்பது திரும்பப் பயன்படுத்தும் போத்தலுக்குத்தான். எங்கள் லயத்தில் மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்பவர் ஒருவர் இருக்கிறார். இருவரும் போத்தலைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அகல வாய்ப் போத்தலை அக்காவுக்கும் நீள் கழுத்துப் போத்தலை எண்ணெய்க்காரருக்கும் என்று ஒதுக்கினோம். இதற்கு மட்டும் வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு கரண்டி சோடா மாவு போட்டு அரை மணி நேரம் ஊற வைத்தால் தாள் தானாகக் கழன்றுவரும். பசை மிஞ்சினால் சமையல் எண்ணெயும் சோடா மாவும் குழைத்துத் தேய்த்துப் பத்து நிமிடம் கழித்துத் துடைக்கவேண்டும். பிறகு அக்கா தன் வீட்டில் கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைக்கிறார். மூடி துருப்பிடித்திருந்தால் அந்தப் போத்தலை அவர் வாங்கமாட்டார். அதில் ரொம்பக் கண்டிப்பு. கோயிலில் அபிஷேகத்துக்கு வாங்கும் தேன் போத்தலும் திருவிழாவுக்கு வரும் ரோஸ் சிராப் போத்தலும்தான் அவருக்குப் பிடித்தவை, அளவு ஒன்றுபோல இருக்கும் என்பதால்.

உலைக்கு அனுப்புவதைவிட இது மேல் என்று நான் நினைக்கிறேன். உருக்குவதற்கு நெருப்பு வேண்டும், லோரி வேண்டும். ஊறுகாய்க்குப் பக்கத்து வீடு போதும். பிள்ளைகளுக்கும் தாங்கள் கழுவிய போத்தல் அடுத்த வாரம் மாங்காயோடு நிற்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. உலையை அவர்கள் பார்த்ததில்லை.

உலை என்ன செய்கிறது என்று காட்ட ஒரு வழி தேடி, சீனியில் போய் நின்றோம். கண்ணாடி முக்கியமாக மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக் கல். மணலை உருக்குவதைவிட உடைசல் கண்ணாடியை உருக்குவது சுலபம். நூற்றுக்குப் பத்துப் பங்கு உடைசல் சேர்த்தாலே உலைக்குச் செலவாகும் சூட்டில் இரண்டரை மூன்று பங்கு மிச்சமாகும். இதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. அடுப்பு என் கையில், பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம். உருகிய சீனி சுட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கனமான வாணலியில் 100 கிராம் சீனி, சின்னத் தீ. ஓரம் முதலில் இளகியது, நடுவில் கட்டி கட்டியாக நின்றது, நேரம் இழுத்தது. முழுதும் உருகித் தேன் நிறம் வந்ததும் எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஆறவிட்டோம். கெட்டியானதும் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. பழுப்புப் போத்தல் உடைந்ததுபோலவே விளிம்பு கூராக, வெளிச்சம் ஊடுருவ, சில்லு சில்லாக உடைந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு சில்லாக வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள்.

அப்புறம் அதே வாணலி, அதே தீ, அந்தச் சில்லு. சீக்கிரமே குழைந்து ஓடிவிட்டது. மூன்றாவதாகப் பாதி சீனி, பாதி சில்லு. சில்லு முதலில் இளகிச் சீனியையும் இழுத்துக்கொண்டு போனது. "பழைய கண்ணாடி புது மணலுக்குக் கைகொடுக்குது" என்று ஆறாம் ஆண்டுப் பையன் சொன்னான். அடுத்த முறை முதல் சுற்றுச் சீனியை முன்கூட்டியே உருக்கி ஆறவைத்துக் கொண்டுவருவேன். அது ஆறும்வரை பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைப்பது பெரும்பாடு.

பாதுகாப்புக்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு சுருக்கமானது. உடைந்ததைப் பிள்ளைகள் தொடக்கூடாது. கைதட்டி ஆளைக் கூப்பிடவேண்டும். பெரியவர் வந்து தடித்த கையுறையோடு எடுத்து மைலோ டின்னில் போட்டு மூடி, நாடா ஒட்டுவார். பிள்ளைகளுக்கும் கையுறை வாங்கினோம். பெரியவர் அளவில் வாங்கியது தப்பாகப் போயிற்று. விரல் நுனி தொளதொளவென்று ஈரப் போத்தல் வழுக்கியது. இப்போது முழுப் போத்தலை வெறுங்கையால்தான் எடுக்கிறார்கள், இரண்டு கையால். வாசலில் செருப்பைக் கழற்றும் பழக்கம் கோயிலுக்குள் சரி; போத்தல் பிரிக்கும் பின்புறத்தில் மட்டும் காலணி கட்டாயம்.

வாரம் தவறாமல் செய்யும் இன்னொன்று, போத்தலைக் கவிழ்ப்பது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். லயத்துக்குப் பின்னால் நிமிர்ந்து கிடந்த போத்தல் ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காட்டினேன். புழு நெளிந்து மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தது. காய்ந்த மண்ணில் கொட்டிவிட்டோம். அன்றிலிருந்து பள்ளிக்கு நடந்து போகும் வழியில் நிமிர்ந்த போத்தலைக் கண்டால் பிள்ளைகள் கவிழ்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அவர்கள் அம்மாக்களே வந்து சொன்னார்கள்.

கணக்கு. ரப்பர் குழாய் 2 மீட்டர் 7 வெள்ளி (ரிங்கிட்). கட்டர் அலகு 4.50. போத்தல் கழுவும் தூரிகை இரண்டு 11. கையுறை ஆறு ஜோடி 24. சோடா மாவும் சோப்பும் 8.90. ஆக 55 வெள்ளி 40 சென். கையுறையைத் தவிர்த்திருந்தால் 31.40இல் முடிந்திருக்கும். சாக்கு, தோட்டத்து உரச் சாக்கைக் கழுவி இரண்டு இரண்டாக ஒன்றுக்குள் ஒன்று போட்டது. ஒற்றைச் சாக்கு இழுக்கும்போதே கிழிகிறது.

வரவு: கடைசிச் சுமை 214 கிலோ. கிலோ 5 சென். பத்து வெள்ளி 70 சென். இதற்காகவே வண்டி எடுத்திருந்தால் எண்ணெய்க் காசுகூட வந்திருக்காது. காய்கறி ஏற்றிவர வெறும் வண்டியாகச் சிரம்பான் போகும் ஓர் அண்ணன் ஏற்றிக்கொண்டு போனார், காசு வாங்கவில்லை. எனவே பிள்ளைகளிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது: இதில் பணம் இல்லை. நான் சொன்னபோது அவர்கள் முகம் ஒன்றும் வாடவில்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் 214ஐ 5ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, ஐஸ் மிட்டாய்க்கு அதைவிட அதிகம் ஆயிற்றே டீச்சர் என்றார்கள்.

அடுத்த சுற்றுக்கு மாற்றப்போவது சில. தீபாவளிக்கு அடுத்த வாரம் ஆரம்பிப்போம். அப்போதுதான் லயத்தில் போத்தல் அதிகம் சேரும், காலி வாளி இன்னும் மூன்று வேண்டும். கோடாலித் தைலப் போத்தல்போல விரல் நீளம்கூட இல்லாதவற்றுக்குத் தனியாக ஒரு டின். பெரிய போத்தலோடு கலந்தால் சாக்கின் மூலையில் போய் அடைந்துகொள்கின்றன. மூடிக்கு வட்டத்தைப் பத்துக்குப் பதில் பத்தரையாக வெட்டுவேன், குழாய் மாட்டிய பிறகு சரியாக வரும். ஊறுகாய் அக்காவின் போத்தல்களை வாளிக்குள் போடாமல் நேரே அவர் வீட்டுத் தாழ்வாரத்துக்கு அனுப்ப ஒரு மரத் தட்டு அடிக்கவேண்டும், 60க்கு 40 சென்டிமீட்டர், அடியில் பழைய சிலிப்பர் ரப்பர். பலகை கிடைத்துவிட்டது. ஆணி வாங்கவேண்டும்.